பந்திக்கு எழாதவள்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து; இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் எடுக்கும் பந்தி. மற்ற வாரங்களில் தலைகாட்டாதவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். பந்திக்கு அழைப்பதற்கு முன்னால் போதகர் ஒரு வார்த்தை சொல்வார்: யார் மேலாவது கசப்பு இருந்தால் அதை வைத்துக்கொண்டு இந்த அப்பத்தைத் தொடாதீர்கள், முதலில் போய் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதி சபை எழுந்து வரிசையில் நிற்கும். நாத்தனாரோடு முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்கானவள் முன்னால் நிற்பாள்; அந்த நாத்தனார் அவளுக்கு நாலு பேர் பின்னால் நிற்பாள். நானும் அந்த வரிசைதான், எனக்கொன்றும் வெட்கமில்லை. போதகர் சொன்னதை நிஜமாகவே காதில் வாங்கிக்கொண்ட ஒரே ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்போம்.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான அறை. கடைசியில் ஓர் உருளை இஸ்திரி இயந்திரம். அரை ஈரமாக இருக்கும் விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து உருளைக்குள் கொடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். கொடுப்பது அவள், அந்தப் பக்கம் சூடாக வருவதை வாங்கி மடிப்பது நான். அவள் முன்னங்கை முழுக்கச் சுட்ட தழும்புகள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தால், "இது எனக்கு வளையல்டி" என்பாள். அது அந்தக் காலம். பிள்ளை போன பிறகு அவள் அப்படியெல்லாம் பேசுவதில்லை.

அவளுக்கு ஒரே பிள்ளை. படிப்பு ஏறவில்லை. வீட்டில் சும்மா கிடந்தவனுக்குத் தான் வேலை செய்யும் இடத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் சபைக்காரர் ஒருவர். கட்டடம் கட்டும் இடத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கொடி காட்டுவது அவர் தொழில். அதனால் கொடிக்காரர் என்றே பெயர். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன் ஓட்டுநருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. இவர் பச்சைக் கொடி காட்டினால் சுமை இறங்கும், சிவப்புக் காட்டினால் நிற்கும். ஓட்டுநருக்குக் கண்ணே இவர்தான். நல்ல மனிதர், சபையிலேயே பெரிய குரல் அவருடையது. அவர் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும்.

ஒரு நாள் இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று இறங்கும்போது பக்கவாட்டில் சுழன்று வந்து அந்தப் பிள்ளையைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. தூக்கிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்குத்தான் வந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. அவன் மேல் போர்த்தியிருந்த விரிப்பு முந்தின நாள் அவள் கையால் இஸ்திரி ஆகிப் போனது. அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்காதீர்கள். ஓரத்தில் ஒட்டுப் போட்ட விரிப்பு, எனக்கும் அடையாளம் தெரிந்தது.

விசாரணையில் கொடிக்காரர் சொன்னது இதுதான்: திடீரென்று காற்று அடித்தது, நான் சிவப்புக் காட்டினேன், அதற்குள் சுமை சுழன்றுவிட்டது. நிறுவனமும் சந்தோஷமாகக் காற்று என்று எழுதிக்கொண்டு கைகழுவியது. காற்றை யார் கூண்டில் ஏற்ற முடியும்?

ஆனால் அன்றைக்குக் காற்று இல்லை. எங்கள் உலர்த்தும் இயந்திரம் இரண்டும் அன்று படுத்துவிட்டன. நானும் அவளும் ஈரத் துணியை எல்லாம் மொட்டை மாடிக்குச் சுமந்துபோய்க் கயிற்றில் போட்டோம். காலையில் போட்ட விரிப்பு சாயங்காலம் வரை காயவில்லை. ஒரு மூலைகூட அசையவில்லை. மேகம் மூடிய புழுக்கம் தாங்காமல் நான் காற்றை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தக் கட்டடத்தின் கிரேன் மாடியிலிருந்தே தெரியும், அவ்வளவு பக்கம். அக்கா இதை விசாரணையில் சொன்னாள். உயரத்தில் அடிக்கிற காற்று வேறு அம்மா என்று தலையைத் தடவாத குறையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் திருவிருந்தில் அவள் எழவில்லை. துக்கம், பாவம் என்றோம். அடுத்த மாதமும் எழவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அதற்காக அவள் சபைக்கு வராமல் இருந்ததும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருவாள், பாடுவாள், பிரசங்கத்தைக் கேட்பாள். பந்தி நேரத்தில் மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். கொடிக்காரர் அவள் பெஞ்சைத் தாண்டித்தான் முன்னால் போவார், அப்பம் எடுப்பார், திரும்பி வருவார். நாலு வருஷம் இப்படியே போயிற்று.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். பிள்ளையைப் புதைத்த கையோடு சபையையும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொள்வார். அவள் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஏதாவது ஒன்று கேட்பார்.

"அங்க போய் என்ன கிழிக்கிற? அப்பமும் எடுக்கறதில்ல. அப்புறம் எதுக்கு அந்த மனுஷன் முகத்தைப் பாக்கப் போற?"

"நான் அவர் முகத்தைப் பாக்கப் போகல."

"வேற யார் முகத்தை? உன் கர்த்தர் முகத்தையா? அவர்தான் அன்னைக்கு லீவுல இருந்தாரே!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். வழியில் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அவர் கேக்கறது தப்பில்லடி. நானும் அதைத்தான் கேக்குறேன். ஆனா வீட்ல உக்காந்து கேட்டா யார் காதுல விழும்?" காலையில் கட்டிலருகே முழங்கால் போட்டாலும் ஒரு வார்த்தை வருவதில்லை என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து வேலைக்கு வந்துவிடுவாளாம்.

போன வருஷம் புதிதாக ஒரு போதகர் வந்தார். இளம் வயது, ஓட்டமும் நடையுமாக எல்லாவற்றையும் செய்கிறவர். இஸ்திரி அக்கா பந்திக்கு எழாததைப் பார்த்திருக்கிறார். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், முழங்காலில் பட்டித் துணி சுற்றியிருப்பாள். அதையும் பார்த்திருக்கிறார். பாவம், படி ஏற முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். சபையில் அத்தனை பேர் இருக்கிறோம், ஊர் வம்பெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறோம், ஒருத்தராவது அவர் காதில் விஷயத்தைப் போட்டு வைத்தோமா? இல்லை.

ஒரு முதல் ஞாயிறு, முன்வரிசைக்காரர்கள் முழங்காலிட்டு அப்பம் வாங்கிக்கொண்டிருந்தபோது, போதகர் தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. சபையே திரும்பிப் பார்த்தது.

"நீங்க எழுந்திருக்க வேண்டாம்மா. இனிமே நானே கொண்டுவந்து கொடுக்குறேன்" என்று அப்பத்தை நீட்டினார்.

வாங்கிக்கொள்வாளா? வாங்கிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவள் பெஞ்சைப் பிடிக்காமல், கையை ஊன்றாமல், நேராக எழுந்து நின்றாள்.

"எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லைங்க ஐயா. ஒருத்தர் மேல மனசுல கோவம் இருக்கு. அதோட இதைத் தொடக் கூடாதுன்னு நீங்களே இப்பத்தான் சொன்னீங்க."

போதகர் முகத்தில் ஈயாடவில்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார். முன்னால் கொடிக்காரர் முழங்காலில் இருந்தார், அப்பம் கையில் இருந்தது. அவர் முதுகை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அந்த முதுகு அசையவே இல்லை.

அந்த வாரமே போதகர் அவள் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டார், அது அவர் நல்ல குணம். பிறகு மன்னிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மெக்கானிக் மேஜையில் ஒரு திருகாணியைத் தேடுகிறவர் மாதிரி சத்தம் போட்டு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மன்னிக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்லைங்க ஐயா. ஆனா யாரை மன்னிக்கறது? காத்து அடிச்சுதுன்னு சொல்றாங்க. அப்படின்னா யாருமே தப்பு பண்ணல. நான் போய்க் காத்தையா மன்னிக்கிறது? எம் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தர் வாயால உண்மையைச் சொல்லட்டும். அன்னைக்கே மன்னிச்சிட்டு, முதல் ஆளா வந்து அப்பம் எடுக்குறேன்."

மேஜையில் சத்தம் நின்றுவிட்டது. போதகர் காபியை முழுதாகக் குடிக்காமல் எழுந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார், பண்ணினார், போய்விட்டார்.

அடுத்த முதல் ஞாயிறு கொடிக்காரர் பந்திக்கு எழவில்லை. பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. மறுநாள் சலவைக்கூடத்துக்கு அழுக்குத் துணி வந்து இறங்கும் வாசலில் வந்து நின்றார். வேலைக்குப் போகிற உடைதான், தலையில் மஞ்சள் தொப்பி. அக்கா உருளைக்கு விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்றார். இயந்திர இரைச்சலில் அவர் பெரிய குரலே எடுபடவில்லை.

"அக்கா, அன்னைக்குக் காத்து இல்ல."

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"மச்சான் போன்ல ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒரு பூனை தண்ணிக் குழாயைத் திறக்கற மாதிரி. பச்சைக் கொடியைக் கையில வெச்சுக்கிட்டே அதைப் பாத்துட்டு இருந்தேன். சுமை சுத்தினதை நான் பாக்கவே இல்ல. சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்." கேட்காததையும் சொன்னார். "சிரிச்சுட்டு இருந்தேன் அக்கா."

நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. கையிலிருந்த விரிப்பு முழுவதும் உருளைக்குள் போகும்வரை இரண்டு மூலைகளையும் விடாமல் பிடித்திருந்தாள். பிறகு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொன்னா போதுமா? காத்துன்னு எங்க போய்ச் சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். இதை நான் எதிர்பார்க்கவில்லை, அதனால் அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே செத்துவிட்டது. நிறுவனம் உடனே வெளியே அனுப்பியது. வழக்குப் போட்டார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறார், காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அவர் மனைவி நாலு வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். கொடி பிடித்தே பழகிய அந்தக் கைகளில் இப்போது கொப்புளம்.

அதற்கடுத்த திருவிருந்து வந்தது. எல்லோர் கண்ணும் எங்கள் பெஞ்சில்தான். போதகர் அழைத்தார். வரிசை எழுந்தது, போனது, திரும்பியது. இஸ்திரி அக்கா உட்கார்ந்தே இருந்தாள்.

வெளியே வந்ததும் பேச்சுக் கிளம்பிவிட்டது. நாலு வருஷம் அவளைப் பாவம் என்றவர்களே இப்போது, "மனுஷன் உண்மையைச் சொல்லி வேலையும் போச்சு, மானமும் போச்சு, இன்னும் என்ன வேணுமாம் இவளுக்கு? உசுரு வேணுமா?" என்றார்கள். அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான், பொய் சொல்வானேன். பஸ் நிறுத்தத்தில் கேட்டேவிட்டேன்.

"நானும் வந்திடும்னுதான்டி நினைச்சேன்" என்றாள். "உண்மை ஒண்ணுதான் குறையா நிக்குது, அது வந்தா கதவு தானா திறந்திடும்னு நினைச்சேன். அவர் சொன்ன அன்னைக்கு ராத்திரி முழங்கால் போட்டேன். மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாயைத் திறந்தா அவர் சிரிக்கறதுதான் தெரியுது. முன்னாடியாவது எம் புள்ளை மட்டும்தான் கண்ணுக்குள்ள இருந்தான். இப்போ பக்கத்துல அவரும் நின்னு சிரிக்கிறார். நான் கர்த்தர்கிட்ட வாக்குக் கொடுத்தவ. அவர் தர வேண்டியதைத் தந்துட்டார். என்னாலதான் முடியல."

அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக்கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை.

மெக்கானிக் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "விட்டுடு. இனிமே உனக்கு அங்க என்ன இருக்கு? வீட்லயே இரு" என்று தணிவாகவே சொல்லியிருக்கிறார். அவளுக்கு அந்தக் கிண்டலைவிட இதுதான் பயமாக இருந்ததாம். இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியதாம். ஆனாலும் அடுத்த ஞாயிறு பைபிளோடு வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். முன்பு எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், இப்போது யாரும் நகரவில்லை. நான்தான் என் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கொடிக்காரர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒரு சனிக்கிழமை அவர் மனைவி வேலை முடிந்து சலவைக்கூட வாசலுக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டை விட்டா சந்தை, சந்தையை விட்டா வீடு. பாட்டு இல்ல, ஜெபம் இல்ல, சோறு இறங்கல. நீங்க மன்னிக்கிற வரைக்கும் கோயில் படியை மிதிக்க மாட்டேன்னு உக்காந்திருக்கார். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை, பொய்யாவாவது சொல்லுங்க அக்கா. அந்த ஆள் செத்துப் போயிடுவார்."

"பொய்யா சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. அக்கா முகத்தைக் கழுவினாள், துவாலையால் துடைத்தாள். "வா போகலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. வேலை போன பிறகு மாறி வந்தது. பழைய வீட்டுப் பீரோ வாசலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்ததால் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அவர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழப் போனார், கால் மரத்துப்போயிருந்தது போல, முடியவில்லை. அவள் நின்றபடியே பேசினாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. இன்னும் மன்னிக்கல. தினமும் கேக்குறேன், அது எனக்குக் கிடைக்க மாட்டேங்குது. எப்போ கிடைக்கும்னு தெரியாது, கிடைக்காமலே போனாலும் போகலாம். அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ள வழக்கு. அதுல உங்களைப் பிடிச்சு வெச்சுக்க எனக்கு உரிமை இல்ல. நீங்க தப்பு பண்ணீங்க, சொல்லிட்டீங்க, அனுபவிக்கிறீங்க. நாளைக்கு வந்து அப்பம் எடுங்க."

"நீங்க உக்காந்திருக்கும்போது நான் எப்படி அக்கா…"

"உக்காந்திருக்கறது என் இஷ்டம். நீங்க வாங்க."

அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா அதை வாங்கிப் பாதி குடித்துவிட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. கொடிக்காரர் தாமதமாக வந்து கடைசியில் உட்கார்ந்தார். போதகர் வழக்கம் போல அந்த வார்த்தையைச் சொன்னார், இந்த முறை அவர் குரலே கொஞ்சம் தடுமாறியது. வரிசை எழுந்தது. வெகுநேரம் கொடிக்காரர் எழவில்லை. பிறகு எல்லோருக்கும் கடைசியாக, மூட்டை தூக்கிக் கூனிய தோளோடு எங்கள் பெஞ்சைத் தாண்டி நடந்து போய் முழங்காலிட்டார். அப்பத்தை வாயில் வைத்ததும் குலுங்கி அழுதார். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். வரிசையில் போகாமல் அன்றைக்கு அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

"அக்கா" என்றேன் காதோடு, "இதுக்குப் பேர்தானே மன்னிப்பு? நீங்க பண்ணிட்டீங்களே. போங்க, எழுந்து போய் எடுங்க."

அவள் தலையை அசைத்தாள். "இல்லடி. மன்னிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டு மனுஷனை எத்தனை தடவை மன்னிச்சிருக்கேன்! உடம்பே லேசாயிடும், நல்லாப் பசிக்கும். இது அது இல்ல."

கொடிக்காரர் எழுந்து திரும்பி வந்தார். அவர் கடந்து போகும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் இன்னும் அப்பம் இருந்தது. வேறு யாராவது உண்டா என்பது போல் போதகர் ஒருமுறை நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார், கொஞ்சம் காத்திருந்தார், பிறகு வெள்ளைத் துணியை எடுத்துத் தட்டை மூடினார். அவர் மூடி முடிக்கும்வரை அவள் கண் அதை விட்டு அகலவில்லை. கடைசிப் பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்து நின்று பாடினாள்.